வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகலாமா? ஆறு மாதப் பணம் போதுமா?

2 பிப்ரவரி (கேள்வி)

வயது 24. ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரியிலிருந்தே நாடகம். இருக்கும் ஊரில் வருடத்துக்கு ஒரு மேடை கிடைத்தால் பெரிது. வேலையை விட்டுவிட்டு மாநகரத்துக்குப் போய் முழுநேரமாக நடிப்பு வாய்ப்புத் தேடலாம் என்று இருக்கிறேன். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்திருக்கிறேன். அப்பா இரண்டு வருடம் கெடு வைத்திருக்கிறார். ஆறு மாதப் பணம் போதுமா? இரண்டு வருடத்தில் ஏதாவது நடக்குமா? அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி, இரவு (பதில்)

போதாது.

முதல் மாதம் வீடு பார்ப்பதிலும் வழி பழகுவதிலும் போய்விடும். அடுத்து, யார் எதற்கு ஆள் எடுக்கிறார்கள், எந்த ஆடிஷன் அறிவிப்பு நிஜம், எது போலி என்று புரிந்துகொள்ளவே சில மாதம். உங்களை ஒருவர் ஞாபகம் வைத்துக்கொண்டு, "இந்தப் பாத்திரத்துக்கு வந்து பாருங்கள்" என்று தானாகவே போன் செய்யும் கட்டம் அதற்கப்புறம்தான் வரும். அப்போது கையில் பணம் இருக்காது. நான் பார்த்தவரை ஆட்கள் மூட்டை கட்டுவது அந்த இடத்தில்தான். நடிக்கத் தெரியாமல் திரும்பியவர்களைவிட, வாடகை கொடுக்க முடியாமல் திரும்பியவர்கள் அதிகம்.

அதனால் வேலையை விட்டுவிட்டுப் போகாதீர்கள் தம்பி, வேலையோடு போங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு எந்த நகரத்திலும் ஏதாவது வேலை கிடைக்கும். முழுச் சம்பளம் வராவிட்டாலும் வாடகை வந்தால் போதும்.

கணக்கு என்றதும் விஜய் சேதுபதி நினைவுக்கு வருகிறார். துபாயில் கணக்காளராக இருந்துவிட்டு வந்தவர், கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் சேர்ந்ததும் கணக்காளராகத்தான். நடிகர்கள் பழகுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். அப்புறம் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேடங்கள், சீரியல், குறும்படங்கள். கதாநாயகனாக முதல் படம் வந்தது 2010-ல். சம்பளம் வாங்கிய இடமும் நடிப்பைப் பார்த்த இடமும் அவருக்கு ஒன்றாக அமைந்தது. எல்லாருக்கும் அப்படி அமையாது. ஆனால் அந்தத் திசையில் தேடலாம்: நாடகக் குழு அலுவலகம், டப்பிங் ஸ்டுடியோ, தயாரிப்பு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு.

4 பிப்ரவரி

"வேலையையும் வைத்துக்கொண்டு நடிக்க வருகிறவனுக்கு வெறி பத்தாது. எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவன்தான் ஜெயித்தான்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதை என்னால் அப்படியே விட முடியவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் கெட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும்.

ஜெயித்தவர்கள் கதையை எடுத்துக்கொள்வோம். இந்தி நடிகர் பங்கஜ் திரிபாதி 2004-ல் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படிப்பை முடித்து மும்பை போனார். பரவலாகப் பேசப்பட்டது 2012-க்கு அப்புறம். நடுவில் எட்டு வருடம். அந்த எட்டு வருடம் குடும்பம் எப்படி ஓடியது? மனைவியின் பள்ளி ஆசிரியர் சம்பளத்தில். அவரே பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். கதை கைமாறும்போது அந்தச் சம்பளம் கழன்று விழுந்து, "போராடினார், ஜெயித்தார்" என்பது மட்டும் மிஞ்சுகிறது.

இன்னொரு இந்தி நடிகர் நவாசுதீன் சித்திக்கி டெல்லியில் நாடகம் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் காவலாளி வேலை பார்த்தவர். நாடகப் பள்ளியை முடித்தது 1996. சினிமாவில் முதல் சின்ன வேடம் 1999. ஊர் அறிந்த முகமானது 2012-ல். ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு தச்சு வேலை செய்தவர். கையில் தொழில் இருந்ததால் வந்த வேடத்தையெல்லாம் தலையாட்டி ஒத்துக்கொள்ளும் கட்டாயம் அவருக்கு இல்லை.

யாராவது ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார். அது நீங்களாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம். வேலை இல்லாத நாட்களின் செலவு யார் தலையில் விழப்போகிறது என்பதைக் கிளம்பும் முன்னால் வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். வெறி எல்லாரிடமும்தான் இருக்கிறது. ஆடிஷன் வரிசையில் நிற்கும் அத்தனை பேரிடமும் இருக்கிறது.

4 பிப்ரவரி, பின்னிரவு

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும். எந்த வேலையும் சரி என்று அர்த்தமில்லை. "நாளைக்குக் காலை பதினொரு மணிக்கு வர முடியுமா" என்று சாயங்காலம் போன் வரும். அதற்கு "வருகிறேன்" என்று சொல்ல முடிகிற வேலையாக இருக்கவேண்டும். சம்பளம் கூடுதல், ஆனால் லீவு கேட்டால் முகம் சுளிக்கும் அலுவலகம் என்றால் வேண்டாம். சம்பளம் குறைவு, ஆனால் இரவில் முடித்துக் கொடுத்தால் போதும் என்றால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் செலவைப் பல வருடம் தாங்கியது பிழை திருத்தும் வேலைதான். ராத்திரி உட்கார்ந்து திருத்துவேன், பகல் எனக்கு மிச்சம்.

7 பிப்ரவரி

ஆடிஷனில் என்ன பார்க்கிறார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதற்கு நான் நடிகனாகப் போன அனுபவத்தைவிட, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த அனுபவம்தான் உதவும். படங்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு காஸ்டிங் அலுவலகத்தில் எதிர் வசனம் படிக்கும் வேலை செய்தேன். வருகிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, கேமராவுக்குப் பின்னால் இருந்து மற்றப் பாத்திரத்தின் வசனத்தைப் படிக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. நடிப்பைப் பற்றி அங்கே கற்றுக்கொண்டதை வேறெங்கும் கற்றுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காட்சி இது: வீட்டை விற்றுவிட்டதாக அண்ணன் தங்கையிடம் சொல்கிறான். இரண்டு பக்க வசனம். தரையில் டேப்பால் ஒட்டிய பெருக்கல் குறி, அதில் வந்து நிற்கவேண்டும். தங்கை வசனத்தை நாள் முழுக்க நான் படித்தேன். "கையெழுத்துப் போட்டுட்டேன்" என்பதுதான் அண்ணனின் முக்கியமான வரி. அநேகமாக எல்லாரும் அந்த வரியில் குரல் உடைந்தார்கள், கண் கலங்கினார்கள். தப்பில்லை, நன்றாகவே செய்தார்கள். ஆனால் வரிசையாகப் பார்க்கும்போது எல்லாம் ஒரே ஆள் செய்தது மாதிரி இருந்தது.

மதியத்துக்கு மேல் ஒருவர் வந்தார். வணக்கம் சொன்னார், குறியில் நின்றார், "ஆரம்பிக்கலாமா" என்றார். காட்சி நடுவில் சட்டைப் பையில் எதையோ தேட ஆரம்பித்தார். பேனா. அதை எடுத்து, மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் "கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். சாதாரணக் குரல். எனக்கு அடுத்த வரி ஓடவில்லை. மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த காஸ்டிங் டைரக்டர் நிமிர்ந்து ஆளைப் பார்த்தார்.

அவருக்கு அந்த வேடம் கிடைக்கவில்லை.

தங்கையாக நடிக்க ஏற்கெனவே ஒருவர் ஒப்பந்தமாகியிருந்தார். பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இவர் தம்பி மாதிரி தெரிந்தார். காரணம் அதுதான். அவரிடம் யாரும் அதைச் சொல்லவும் இல்லை. அறை அப்படித்தான் இயங்கும்: வேண்டாம் என்றால் போன் வராது, ஏன் வேண்டாம் என்பது கடைசிவரை தெரியாது. இதை நேரில் பார்த்ததிலிருந்து எனக்கு மறுப்பு வந்தால் வலிப்பது பாதியாகக் குறைந்துவிட்டது. உயரம், வயது, ஏற்கெனவே எடுத்தவரின் முகம், தயாரிப்பாளர் சொன்ன பெயர் என்று ஆயிரம் காரணம் இருக்கும். உங்கள் கையில் இருப்பது அந்தப் பேனா மட்டும்தான்.

7 பிப்ரவரி, சாயங்காலம்

அவர் என்ன ஆனார் என்று கேட்டவருக்கு: சில மாதம் கழித்து வேறொரு படத்துக்கு அதே அலுவலகம் அவரைக் கூப்பிட்டது. அப்போது ஆடிஷன்கூட வைக்கவில்லை. காஸ்டிங் டைரக்டரின் நோட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் "பேனா" என்று எழுதியிருந்ததை நான் பார்த்தேன்.

மாநகரத்தில் இருப்பதன் பயன் இதில்தான் இருக்கிறது. முதல் தடவை கிடைக்காததற்கு இரண்டாம் தடவை ஒன்று உண்டு, அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும்.

10 பிப்ரவரி

"இப்போதுதான் செல்ஃப் டேப் வந்துவிட்டதே, எதற்கு ஊர் மாறவேண்டும்?"

நல்ல கேள்வி. 3-ம் தேதி நான் எழுதியதில் போவதை அப்படியே ஒப்புக்கொண்டு, எப்படிப் போவது என்று மட்டும் பேசிவிட்டேன். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 2020 தொற்றுக் காலத்தில் நேரடி ஆடிஷன் நின்று, வீட்டில் இருந்தே வீடியோ எடுத்து அனுப்பும் வழக்கம் வேர் பிடித்தது. அது போகவில்லை. முதல் சுற்று இன்று பெரும்பாலும் அப்படித்தான். அதனால் தம்பி, கிளம்புவதற்கு முன்னால் சில மாதம் இருக்கும் இடத்தில் இருந்தே அனுப்பிப் பாருங்கள். அனுப்பிய பத்தில் ஒன்றுக்காவது "இரண்டாம் சுற்றுக்கு நேரில் வாருங்கள்" என்று பதில் வருகிறதா பாருங்கள். வந்தால் போவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

எடுக்கும் விதம்: வெறும் சுவர், ஒரே நிறம். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழவேண்டும், முதுகில் விழக்கூடாது. போன் கண் உயரத்தில், படுக்கைவாட்டில். எதிர் வசனம் படிப்பவர் கேமராவுக்கு ஒட்டி நிற்கவேண்டும், உங்களைவிட மெதுவான குரலில் படிக்கவேண்டும். இசை சேர்க்காதீர்கள். எடிட்டிங் வித்தை வேண்டாம். சத்தம் தெளிவாக இருந்தால் படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள். சத்தம் கெட்டிருந்தால் ஐந்து விநாடியில் அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் சுரண்டலும் உண்டு. ராத்திரி பன்னிரண்டு பக்க வசனம் அனுப்பி, காலையில் வீடியோ கேட்பார்கள். அமெரிக்க நடிகர் சங்கம் 2023 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு போட்ட ஒப்பந்தத்தில் இதற்கு வரம்பு வாங்கியது. முதல் சுற்றுக்கு எட்டுப் பக்கத்துக்கு மேல் கேட்கக்கூடாது, குறைந்தது 48 மணி நேரம் தரவேண்டும். அந்த வேலைநிறுத்தம் 118 நாள் நடந்தது. சங்கம் இல்லாத புதுமுகம் அதைக் கேட்டு வாங்க முடியாது, சரி. ஆனால் எது நியாயமான அளவு என்றாவது தெரிந்திருக்கட்டும்.

11 பிப்ரவரி

அந்தச் சங்கத்தைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதி பெற 2023-ல் வருடம் 26,470 டாலர் நடிப்பில் சம்பாதித்திருக்கவேண்டும். உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் அந்தக் கோட்டைத் தொடுவதில்லை. வசூலில் உலகின் மிகப் பெரிய சினிமாத் தொழில்களில் ஒன்று, வலுவான சங்கம், அங்கேயே நிலைமை இது. "நடிப்பில் வாழ முடிந்ததா" என்பதை வெற்றிக்கு அளவாக வைத்தால் உலகத்தில் முக்கால்வாசி நல்ல நடிகர்கள் தோற்றவர்கள் கணக்கில் வருவார்கள். நான் அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

13 பிப்ரவரி

போலிகள். சுருக்கமாக: வேடம் தருகிறேன் என்று சொல்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ கட்டணம், "எங்கள் போட்டோகிராபரிடம்தான் எடுக்கவேண்டும்", "வொர்க்‌ஷாப்பில் சேர்ந்தால் படத்தில் வேடம் உறுதி" என்று பெயர் மாறும், விஷயம் ஒன்றுதான். நிஜமான ஏஜென்ட் நீங்கள் சம்பாதித்த பிறகு அதிலிருந்து பங்கு எடுப்பார். அமெரிக்காவில் சங்க விதிப்படி அது பத்து சதவீதம். கலிஃபோர்னியாவில் வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கறப்பதைத் தடுக்க 2009-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள் என்றால், அங்கே எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள் என்று பாருங்கள்.

என்னோடு அறையில் இருந்த நண்பர் ஒரு நிறுவனத்துக்கு இப்படிக் கட்டினார். ஆல்பம் ஒன்று கொடுத்தார்கள், கனமான அட்டை, பளபளப்பான தாள். எந்தக் காஸ்டிங் ஆளும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேக்கப் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், முகம் முகமாகத் தெரிகிற இரண்டு படம் போதும். அப்புறம், நடித்த காட்சிகளைத் தொகுத்து ஒரு நிமிடத்துக்குள் ஒரு ஷோரீல். உங்கள் நல்ல காட்சி எதுவோ அது முதலில் வரவேண்டும், பெயர் எழுத்து ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

16 பிப்ரவரி

ஒரு தங்கை தனியாக எழுதிக் கேட்டார், பொதுவில் பதில் சொல்லச் சொன்னார்: பெண்கள் தனியாகப் போவது பற்றி.

நான் ஆண், எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லமாட்டேன். பதிவாகியிருப்பதைச் சொல்கிறேன். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு 2017-ல் நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு குழு அமைத்தது. 2019 கடைசியில் அறிக்கை தந்தார்கள். அது வெளியே வந்தது 2024 ஆகஸ்டில்தான். பாலியல் சுரண்டலைப் பேசும் அதே அறிக்கை, படப்பிடிப்பு இடத்தில் கழிப்பறை இல்லாததையும் உடை மாற்ற இடம் இல்லாததையும் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததையும் பேசுகிறது. இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. ஒப்பந்தம் தராத இடத்தில், உடை மாற்ற அறை தராத இடத்தில், மற்றதற்கும் பாதுகாப்பு இருக்காது.

இந்தியாவில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்கவேண்டும். சினிமாத் தயாரிப்புக்கும் இது பொருந்தும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022-ல் சொன்னது. "உள் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எரிச்சல்படுகிறவரிடம் வேலை செய்யாமல் இருப்பது மேல். ஆடிஷன் என்றால் அலுவலகத்தில், பகலில், இன்னொருவர் கூட இருக்க நடக்கவேண்டும். ஓட்டல் அறை என்றால் போகாதீர்கள், சொல்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். துணைக்கு ஒருவரை அழைத்துப் போவதைக் கிண்டல் செய்தால் செய்யட்டும்.

இதைப் பாதிக்கப்படக்கூடியவர் தலையில் ஏற்றிவைப்பது எனக்கு உறுத்துகிறது. சரி செய்யவேண்டியது தொழில். அது சரியாகும்வரை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

19 பிப்ரவரி

பயிற்சிப் பள்ளியில் சேரலாமா? முடிந்தால் சேருங்கள். டெல்லி நாடகப் பள்ளி 1959, புணே திரைப்படக் கல்லூரி 1960, ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை 1977 என்று வரிசையாகப் பார்த்தால், அங்கிருந்து வந்தவர்கள் கூட்டமாக வந்தது தெரியும். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் பெயரைச் சொல்வார். ஆனால் இடம் கிடைப்பது கடினம்.

கிடைக்காவிட்டால் நாலு பேர் சேர்ந்து வாரம் ஒரு நாள் கூடுங்கள். நாங்கள் அப்படித்தான் கூடினோம், ஒருவர் வீட்டு மொட்டை மாடியில். நியூயார்க்கில் மைஸ்னர் என்ற நடிப்பு ஆசிரியர் கற்றுக்கொடுத்த ஒரு பயிற்சியை அதிகம் செய்வோம். இரண்டு பேர் எதிரெதிரே உட்காரவேண்டும். ஒருவர், கண்ணில் படுவதைச் சொல்வார்: "நீ பொத்தானைத் திருகுகிறாய்." அடுத்தவர்: "நான் பொத்தானைத் திருகுகிறேன்." மறுபடி, மறுபடி. வார்த்தை மாறாது. கொஞ்ச நேரத்தில் குரல் மாறும், ஒருவருக்குக் கோபம் வரும், அடுத்தவருக்குச் சிரிப்பு வரும். யாரும் நடிக்க முயற்சி செய்திருக்கமாட்டார்கள், ஆனால் ஏதோ நடந்திருக்கும். எதிரே இருப்பவரைக் கேட்பது எப்படி என்று என் உடம்புக்கு அங்கேதான் பிடிபட்டது.

வேலை வராத மாதங்களில் என்னை நடிகனாக வைத்திருந்தது அந்த மாடிதான். திறக்காத கதவுகளை எண்ணிக்கொண்டு அறையில் உட்கார்ந்திருப்பவன் மூன்று மாதத்தில் துருப்பிடித்துவிடுவான், அப்புறம் போன் வந்தாலும் உடம்பு ஒத்துழைக்காது. பணத்துக்கு ஒரு வேலை, பழக ஒரு கூட்டம். இந்த இரண்டும் இல்லாமல் போகாதீர்கள் என்பதைத்தான் 3-ம் தேதியிலிருந்து சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

20 பிப்ரவரி

"எனக்கு 36, இனிமேல் முடியுமா?" என்ற பதிலுக்கு: ஆங்கில நடிகர் ஆலன் ரிக்மன் கிராஃபிக் டிசைனராக இருந்துவிட்டு, இருபத்தாறு வயதில்தான் நாடகப் பள்ளிக்குள் போனார். பல வருடம் மேடை. முதல் சினிமா வெளிவந்தபோது வயது 42. கதாநாயகன் வேடத்துக்கு வரிசை பெரிது. 36 வயதில் அப்பாவாக, போலீஸ்காரராக, மேனேஜராக நம்பும்படி நிற்கத் தெரிந்தவருக்கு வரிசை சின்னது.

23 பிப்ரவரி

இரண்டு வருடக் கெடு. இதற்குப் பதில் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன், முதலில் கெடுவே கூடாது என்று எழுத நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அப்பா கெடு வைப்பது பயத்தில். பயத்துக்குப் பதில் சொல்லவேண்டும். ஆனால் "இரண்டு வருடத்தில் படம் வரவேண்டும்" என்று வைத்தால் அது உங்கள் கையில் இல்லாத விஷயம். ஒப்பந்தமான படமே வெளிவராமல் கிடக்கும். வேறு அளவு சொல்லிப் பாருங்கள்: போன வருடம் கூப்பிடாத ஆட்கள் இந்த வருடம் கூப்பிட்டார்களா? ஒருமுறை பார்த்தவர் மறுமுறை கூப்பிட்டாரா? கடன் வாங்காமல் ஓடியதா? மூன்றுக்கும் ஆம் என்றால் கெடுவை நீட்டச் சொல்லிக் கேட்கலாம். முதல் இரண்டும் இல்லை என்றால் அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள்.

திரும்பிப் போனவர்களை யாரும் தோற்றவர்கள் என்று சொல்லாதீர்கள். என்னோடு வந்தவர்களில் ஒருவர் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித் தருகிறார். எங்கள் எல்லாரையும்விட வருடத்தில் அதிக நாள் நடிப்போடு இருப்பவர் அவர்.

2 மார்ச்

கேட்டவர் எழுதியிருக்கிறார்: ஒரு தணிக்கை அலுவலகத்தில் பேசியிருக்கிறாராம், ஜூனில் சேரச் சொல்கிறார்கள், ஷிஃப்ட் இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் மூன்று செல்ஃப் டேப் அனுப்பியிருக்கிறார். சந்தோஷம் தம்பி, உண்மையிலேயே.

ஷிஃப்ட்டை மட்டும் விடாதீர்கள். ஆடிஷன் பெரும்பாலும் காலை பத்திலிருந்து சாயங்காலம் ஆறுக்குள் இருக்கும். பின்மதியம் தொடங்கும் ஷிஃப்ட் கிடைத்தால் காலை உங்களுடையது. அது முடியாது என்றால் வாரத்தில் ஒரு வேலைநாள் லீவாக எடுத்துக்கொண்டு ஞாயிறு வேலை செய்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். நிதியாண்டு முடியும் மார்ச்சில் கணக்கு அலுவலகங்களில் லீவு கிடைப்பது கஷ்டம், அந்த மாதத்தில் படப்பிடிப்புத் தேதி ஒத்துக்கொள்ளாதீர்கள். சேரும் முன்பே இதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுங்கள், அந்த மூன்று டேப்பில் ஒன்றையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.